வாசலில் காத்திருப்பவர்களுக்கும் ஒரு வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலம் வந்தால் மூடுபனியில் வண்டி ஓட்டுவது எப்படி என்று நாளிதழ்களில் பெட்டிச் செய்தி வந்துவிடுகிறது. வேகத்தைக் குறையுங்கள், முகப்பு விளக்கைத் தாழ்த்திப் போடுங்கள், முன்னால் போகும் வண்டியை ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். எல்லாம் சரிதான். அத்தனையும் ஓட்டுகிறவருக்கு. வீட்டில் போர்வைக்குள் உட்கார்ந்துகொண்டு, "எங்கே வருகிறீர்கள்?" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்பவருக்கு ஒரு வரிகூடக் கிடையாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சென்ற மாதம் அத்தையைப் பார்க்கக் காரில் போனோம். அத்தைக்கு வயது 88. அதே வீட்டில் அவருடைய பேத்திக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. பெரியவரையும் சிறியவரையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம் என்று திட்டம். வண்டியை என் மகள் ஓட்டினாள். பின்னிருக்கையில் ஒரு பக்கம் என் அம்மா, வயது 84. மறு பக்கம் என் மனைவி. நடுவில் குழந்தை இருக்கையில் எட்டு மாதப் பேரன். முன்னால் நான். போன் வந்தால் எடுக்க வேண்டியது என் வேலை.

"விடியற்காலையே கிளம்பிவிடுங்கள், ரோடு காலியாக இருக்கும்" என்பது அத்தை வீட்டு உத்தரவு. மகள் எட்டரை மணிக்குக் கிளம்பலாம் என்றாள். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை குளிர்ந்து எழும் பனி, சூரியன் உதிக்கிற நேரத்தில்தான் மிகவும் அடர்ந்திருக்கும், வெயில் ஏறினால்தான் விலகும் என்று விளக்கமும் சொன்னாள். நான் அத்தை கட்சி. ஐந்து மணிக்கு எல்லோரையும் கிளப்பினேன்.

கிளம்பும்போதே ஒரு சச்சரவு. என் மனைவி பேரனுக்குப் பஞ்சு வைத்த தடித்த மேலங்கி போட்டு உட்கார வைத்தார். மகள் அதைக் கழற்றினாள். அந்தத் தடிப்பின் மேல் பட்டையை இறுக்கினால் இறுக்கியது போலத்தான் தெரியும், வண்டி மோதினால் பஞ்சு அமுங்கிப் பட்டை தொளதொளத்துவிடும் என்றாள். மெல்லிய கம்பளிச் சட்டையோடு பட்டையைப் பூட்டி, அதற்கு மேல் போர்வையைப் போர்த்தினாள். இந்தச் சண்டையே வேண்டாம், மடியில் வைத்துக்கொள்கிறேனே என்றேன். அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை.

ஆறரை மணிக்குப் பனிக்குள் நுழைந்தோம். நுழைந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். கதவைத் திறந்து ஒரு அறைக்குள் போவது மாதிரி இருந்தது. பிரகாசமாக இருக்கட்டுமே என்று நான் சொன்னதால் ஒரு தடவை விளக்கை உயர்த்திக் காட்டினாள். வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது, ரோடு தெரியவில்லை. ஐந்து பேர் விடும் மூச்சில் கண்ணாடி உட்புறம் வேறு மங்கியது. அந்தக் குளிரில் ஏசியைப் போட்டாள்! சிரித்தேன். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று அப்புறம்தான் புரிந்தது. கண்ணாடி இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிட்டது. பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் காதையும் தீட்டிக்கொண்டு, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போனாள்.

அப்போதுதான் முதல் போன். "எங்கே வருகிறீர்கள்?" நான் ஊர்ப் பெயரைச் சொன்னேன். "இன்னும் அங்கேயா!" என்றது மறுமுனை. பத்து நிமிடத்தில் அடுத்தது. பிறகு அத்தை மகன், பிறகு அவர் மனைவி. வண்டி போய்ச் சேருவதற்குள் மொத்தம் பதினோரு அழைப்புகள்.

அதில் நான் கவனித்தது ஒன்று. போனில் பேசுவது நான்தான், மகள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் ஒவ்வொரு "இன்னும் அங்கேயா"வுக்குப் பிறகும் வேகமுள் கொஞ்சம் மேலே ஏறியது. முப்பதிலிருந்து நாற்பது, பிறகு நாற்பத்தைந்து. அவளே அறியாமல். ஒரு தடவை அறுபதையும் தொட்டுவிட்டு இறங்கியது. அறுபது என்றால் நொடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர். எங்களுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரிந்ததே ஐம்பது மீட்டர் இருக்காது. மூன்று நொடி ரோடு. ஒருத்தர் தும்முவதற்கே அதில் பாதி போய்விடும்.

பின்னிருக்கையில் இன்னொரு கூத்து. அம்மா காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. வழியில் இறங்க வேண்டி வருமே என்ற பயம். குளிரில் சிறுநீர் அதிகம் பிரியும். குடிக்காமல் இருந்தும் அவருக்கு முட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சொல்லவில்லை. "ஏற்கெனவே நேரமாகிவிட்டது, அங்கே எல்லோரும் காத்திருக்கிறார்கள்" என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, ரோட்டை விட்டு நன்றாக விலகி ஒரு பெட்ரோல் பங்குக்குள் நிறுத்தினோம். அம்மாவின் கணுக்கால் வீங்கிச் செருப்பின் வார் பதிந்திருந்தது. பங்குக்குள்ளேயே இரண்டு சுற்று நடக்க வைத்தோம்.

அங்கே நிற்கும்போது எட்டாவது அழைப்பு. வாய் சும்மா இருக்கவில்லை. "இதோ, அரை மணி நேரத்தில் வந்துவிடுவோம்" என்றேன். பொய். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

போய்ச் சேர்ந்தபோது அத்தை வாசல் படியில் நின்றிருந்தார். சால்வை உள்ளே நாற்காலியில் கிடந்தது. என் அரை மணியை நம்பி அப்போதே வந்து நின்றவராம். உள்ளே வரச் சொன்னால் கேட்கவில்லையாம். என் கையைப் பிடித்தார்; விரல் நுனிகள் வெளுத்துப் போயிருந்தன. "குளிரவில்லையா அத்தை?" என்றேன். "எனக்கு ஒன்றும் தெரியவில்லையேடா" என்றார். பயமே அதுதான். வயதானால் குளிர் உறைப்பதும் குறைகிறது, நடுக்கமும் குறைகிறது. உடம்பின் உள் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. அது இறங்குவது அவருக்கே தெரியாமல் போகலாம். உள்ளே கூட்டிப் போய்ப் போர்த்திவிட்டு, வெகு நேரம் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். குழந்தையைப் பார்க்கவே பகல் ஆகிவிட்டது. (தொடுவதற்கு முன் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று பேத்தி சொன்னாள். அம்மாவுக்கு லேசாகக் கோபம். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போட முடியாது. அவள் சொன்னது நியாயம்.)

அத்தை வீட்டாரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் மகன் வண்டியில் வரும் நாட்களில் அதே கேள்வியை அதே குரலில் கேட்பவன் நான். பாசம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஓட்டுகிறவரின் பாதத்தை அது அழுத்துகிறது என்பது, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வேகமுள்ளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

எனவே அடுத்த பெட்டிச் செய்தியில் இவர்களுக்கும் இடம் ஒதுக்குங்கள். விடியற்காலையில் கிளம்பச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். மணி கேட்க வேண்டாம். "இருட்டுவதற்குள் வாருங்கள்" என்றால் போதும். வண்டியை எங்காவது நிறுத்தும்போது அவர்களே கூப்பிடுவார்கள். வருகிறவர்களும் என்னைப் போல அரை மணிக் கணக்கு சொல்ல வேண்டாம்.

அதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். படிக்க வேண்டியவர்கள் எல்லோரும் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பவர்கள்.

இப்படிக்கு,
பதினோரு அழைப்புகளையும் எடுத்த வாசகன்