படகை ஒப்படைக்கும் முன் ஒரு கால் மணி நேரம்

சிறு படகுகளுக்கு எஞ்சினும் மின்கருவிகளும் பொருத்தித் தரும் மெக்கானிக் நண்பர்கள் அனைவருக்கும்,

வணக்கம். ஓட்டுபவர் நீரில் விழுந்ததும் எஞ்சினைத் தானாகவே அணைக்கும் கம்பியில்லா எஞ்சின் நிறுத்தி பற்றி உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை, படகு வைத்திருப்பவன். அந்தக் கருவி என் தம்பியின் உயிரைக் காத்தது. அதற்கு அடுத்த நிமிடங்களில் அதை என்ன செய்வதென்று தெரியாமல் நான் விழித்ததும் உண்மை.

எங்களுடையது 16 அடிப் படகு, பின்பலகையில் மாட்டும் 40 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். தம்பி ஓட்டினான், நான் முன்பக்கம், அணியத்தில் உட்கார்ந்திருந்தேன். வேறொரு படகு கிளப்பிவிட்ட அலையில் ஏறி இறங்கியபோது படகு ஒருக்களித்தது. திரும்பிப் பார்த்தால் ஸ்டீயரிங் இருக்கிறது, தம்பி இல்லை. லைஃப் ஜாக்கெட்டின் தோளில் மாட்டியிருந்த டேக், அதாவது கருவியின் பெட்டிக்கு சிக்னல் அனுப்பும் சிறு வில்லை, அவனோடு நீருக்குள் போனதுமே எஞ்சின் நின்றுவிட்டது. அதுவரை எல்லாம் சரி. நான் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. கன்சோலில், அதாவது ஸ்டீயரிங் மேடையில், இருந்த பெட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. மறுபடி திருப்பினேன், மறுபடி. காற்று படகை ஒரு பக்கம் தள்ள, தம்பியின் ஆரஞ்சு ஜாக்கெட் கண்ணெதிரே சிறுத்துக்கொண்டே போனது. கடைசியில் துடுப்பை எடுத்து வலித்துத்தான் அவனிடம் போய்ச் சேர்ந்தேன்.

சாவியை முழுதாக அணைத்து, சில நொடி பொறுத்து, மறுபடி போட்டு, பெட்டியிலிருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அந்த டேக் இல்லாமலே எஞ்சின் ஓடும் என்பது கரைக்கு வந்து கையேட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. கருவியைப் பொருத்தித் தந்தவர் அதைத் தம்பிக்குக்கூடச் சொல்லவில்லை. அவர் கம்பி வேலை சுத்தமான வேலை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கம்பிகளை இணைத்தார், விளக்கு எரிகிறதா பார்த்தார், கிளம்பினார். அந்தக் கடைசி கால் மணி நேரத்தைத்தான் உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன்.

ஓட்டுநர் விழுந்த படகு நேராகப் போய் மறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. கைப்பிடி விட்டதும் புரொப்பெல்லரின் முறுக்கு விசை எஞ்சினை ஒரு பக்கமாகத் திருப்பிவிட, படகு இறுக்கமான வட்டமடித்து விழுந்தவர் இருக்கும் இடத்துக்கே திரும்பி வரும். 20 நாட் வேகம் என்றால் நொடிக்குப் பத்து மீட்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடுகிறது, கியரில் அது பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொண்டாலும், மூன்று இதழ் புரொப்பெல்லர் ஒரே இடத்தை நொடிக்கு 75 முறை வெட்டும். 2013 மே 5 அன்று இங்கிலாந்தின் காமல் கழிமுகத்தில் மில்லி என்ற படகில் இதுதான் நடந்தது. ஆறு பேர் கொண்ட குடும்பம் முழுவதும் நீரில் வீசப்பட்டது. ஆளில்லாத படகு வட்டமடித்து அவர்கள் மீதே வந்தது. தந்தையும் ஒரு மகளும் இறந்தார்கள், தாயும் மகனும் பலத்த காயமடைந்தார்கள். எஞ்சினை நிறுத்தும் கயிறு படகில் இருந்தது, ஓட்டுபவர் உடம்பில் மாட்டப்படவில்லை.

அந்தச் சிவப்புச் சுருள் கயிற்றை நான் குறைத்துப் பேச மாட்டேன். பேட்டரி வேண்டாம், அலைவரிசை வேண்டாம், இழுத்தால் சுவிட்சில் மாட்டிய கிளிப் கழன்று எஞ்சின் நிற்கும். அதன் ஒரே சிக்கல் நாம்தான். நங்கூரம் எடுக்க அணியத்துக்குப் போகும்போது கழற்றுவோம், திரும்பி வந்து மாட்ட மறப்போம். அமெரிக்காவில் இதற்குச் சட்டமே வந்தது. 26 அடிக்குக் குறைந்த, சுமார் 3 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள படகுகள் வேகமெடுத்து ஓடும்போது, ஓட்டுபவர் நிறுத்தியோடு இணைந்திருக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரல் 1 முதல் அங்கே விதி. மூடிய கேபினுக்குள்ளிருந்து ஓட்டும் படகுகளுக்கும், நிறுத்தியே பொருத்தப்படாத பழைய படகுகளுக்கும் விலக்கு உண்டு. கயிறானாலும் கம்பியில்லாக் கருவியானாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். படகுக்குள் நாலு அடி நடக்கவிடும் கருவியை ஆள் கழற்றாமல் இருப்பான் என்பதுதான் கம்பியில்லாததின் பலம்.

ஆனால் அது கண்ட நேரத்தில் எஞ்சினை அணைத்தால் ஆள் அதையும் ஒதுக்கிவிடுவான். எங்களுக்கே நடந்தது. தம்பி முதலில் டேக்கைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். பெட்டியோ கன்சோலின் அடியில், அலுமினியத் தகட்டுக்குப் பின்னால். ஒரே நாளில் மூன்று முறை காரணமே இல்லாமல் எஞ்சின் நின்றது. மூன்றாவது முறை முழு வேகத்தில். படகு சட்டென்று குந்தியது, நான் முன்னால் போய் முட்டினேன், பின்னால் வந்த எங்கள் அலையே பின்பலகை மீது ஏறி உள்ளே கொட்டியது. அதற்குப் பிறகு பல வாரம் கருவியை அணைத்து வைத்துத்தான் ஓட்டினோம். தம்பி விழுந்தது அந்த வாரங்களில் ஒன்றில் இல்லை என்பதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

காரணம் எளிது, உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்தக் கருவிகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பேசுகின்றன. அந்த அலையை நீர் விழுங்கிவிடும். டேக் மூழ்கியதும் எஞ்சின் நிற்பது அதனால்தான். ஆனால் மனித உடம்பிலும் பாதிக்கு மேல் நீர்தானே. தொடைக்கும் இருக்கைக்கும் நடுவே நசுங்கிய டேக், நீரில் விழுந்த டேக் போலவே மௌனமாகிவிடும். உலோகத் தகடும் அலையை மறைக்கும். ஆகவே பெட்டிக்குத் திறந்த இடம் பாருங்கள், உயரமாக, உலோகத்துக்கு விலகி. டேக்கை மார்பிலோ தோளிலோ மாட்டச் சொல்லுங்கள். பெட்டியை இடம் மாற்றிய நாளிலிருந்து எங்களுக்கு ஒருமுறைகூடத் தவறாக நிற்கவில்லை.

கம்பி இணைப்பு உங்கள் கைவந்த கலை. ஆனாலும் அடுத்தவர் செய்ததைப் பிரித்துப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். பல பெட்ரோல் அவுட்போர்டுகளில் நிறுத்தும் கம்பியை எர்த் செய்தால், அதாவது எஞ்சின் உடலோடு தொட வைத்தால், எஞ்சின் நிற்கும். சிலவற்றில் சுற்றைத் துண்டித்தால்தான் நிற்கும். முதல் வகையில் புதிய கருவியைக் கயிற்று சுவிட்சுக்கு இணையாகவும், இரண்டாவது வகையில் தொடராகவும் போட வேண்டும். டீசலில் பற்றவைக்கும் சுற்றே கிடையாது, எரிபொருளை அடைக்கும் சோலினாய்டை, அதாவது மின்சாரத்தில் இயங்கும் அடைப்பானைத்தான் பெரும்பாலும் பிடிக்க வேண்டும். அதிலும் மின்சாரம் இருந்தால் ஓடுவது ஒன்று, மின்சாரம் கொடுத்தால் நிற்பது ஒன்று. கம்பியின் நிறத்தை நம்பி வெட்டாதீர்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இரட்டை எஞ்சின் படகில் இரண்டின் நிறுத்தும் கம்பிகளையும் ஒன்றாக முடிச்சுப் போட வேண்டாம், எஞ்சினுக்கு ஒரு தனி ரிலே, அதாவது மின்சாரத்தில் இயங்கும் சுவிட்ச், கொடுங்கள். பழைய கயிற்று சுவிட்சைக் கழற்றியே விடாதீர்கள்.

இதில் யாரும் சொல்லித்தராத ஒரு சோதனை உண்டு. எர்த் செய்து நிறுத்தும் வகையில், பெட்டிக்குள் இருக்கும் ரிலே மூடுவதற்கே மின்சாரம் வேண்டும். பெட்டியின் ஃபியூஸ் போய்விட்டால் எஞ்சின் பாட்டுக்கு ஓடும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. கரையில் கட்டிய நிலையில், நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, அந்த ஃபியூஸைப் பிடுங்கிப் பாருங்கள். என்ன ஆகிறது? எஞ்சின் நிற்கிறதா, விளக்கு அணைகிறதா, எந்த அறிகுறியும் இல்லையா? அதைப் படகுக்காரரை அருகில் நிறுத்திக் காட்டுங்கள். "பச்சை விளக்கு எரியாவிட்டால் கயிற்றை மாட்டிக்கொள்ளுங்கள்" என்ற ஒரு வாக்கியம் போதும், அவர் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

அடுத்து நீர்ச் சோதனை. கருவி சொன்னபடி செய்கிறதா என்பதை வாளியில் பார்ப்பதோடு விட வேண்டாம். நீர்மட்டத்தில் மிதக்கும் டேக்கிலிருந்து சிக்னல் கசிந்து வரலாம். டேக்கைக் கயிற்றில் கட்டிப் படகின் பக்கவாட்டில் ஒரு முழம் ஆழத்துக்கு இறக்குங்கள். பின்பலகைப் பக்கமும் ஒருமுறை, அணியத்துப் பக்கமும் ஒருமுறை. எஞ்சின் நிற்க எத்தனை நொடி ஆகிறது என்று படகுக்காரரையே எண்ணச் சொல்லுங்கள். பட்டன் பேட்டரி போடும் டேக் என்றால் எந்த மாதம் மாற்ற வேண்டுமென்று கன்சோலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

இனி நான் முக்கியமாகக் கேட்பது. ஒப்படைக்கும் நாளில் படகுக்காரரை மட்டும் கூப்பிடாதீர்கள். அவரோடு வழக்கமாகப் போகிறவர் யாரோ, மனைவியோ மகனோ கூட்டாளியோ, அவரையும் வரச்சொல்லுங்கள். படகை ஓட்டவே தெரியாதவர் என்றால் கட்டாயம் வரச்சொல்லுங்கள். டேக்கை நீரில் இறக்கி எஞ்சினை நிறுத்துங்கள். பிறகு படகுக்காரரைக் கரையில் ஏற்றிவிட்டு, அந்த இரண்டாவது ஆளிடம் சாவியைக் கொடுத்து, "இப்போது நீங்கள் கிளப்புங்கள்" என்று சொல்லுங்கள். நீங்கள் கையை நீட்ட வேண்டாம். தடுமாறட்டும். முதல்முறை தடுமாறுவது அங்கேயே தடுமாறி முடியட்டும். கயிறு மட்டும் உள்ள படகு என்றால் மாற்று கிளிப் எங்கே தொங்குகிறது என்று காட்டுங்கள். கயிற்றோடு கிளிப்பும் நீருக்குள் போய்விட்டால் மாற்று இல்லாமல் பல எஞ்சின்களைக் கிளப்ப முடியாது. எஞ்சின் கிளம்பியபின் எப்படி நெருங்குவது என்பதையும் சொல்லிவிடுங்கள்: மெதுவாக வரவேண்டும், விழுந்தவரை எட்டிப் பிடிக்கும் தூரம் வந்ததும் எஞ்சினை அணைத்துவிட வேண்டும், புரொப்பெல்லர் சுற்றும்போது யாரையும் பின்பக்கமாக ஏற்றக் கூடாது.

தனியாகப் போகிறவரிடம் வேறு பேச்சு பேச வேண்டும். எஞ்சின் நின்றாலும் காற்றில் படகு நகர்ந்துகொண்டே இருக்கும், லேசான படகை நீந்திப் பிடிப்பது நல்ல நீச்சல்காரருக்கே சிரமம். லைஃப் ஜாக்கெட்டும், நீரிலிருந்தே இழுத்து இறக்கக்கூடிய ஏணியும் இல்லாமல் டேக்கை மட்டும் மாட்டிக்கொண்டு போக வேண்டாமென்று உங்கள் வாயால் சொன்னால் கேட்பார்கள். நாங்கள் சொன்னால் கேட்பதில்லை.

இதற்கான நேரத்தை உங்கள் கூலியில் சேர்த்துக்கொள்ளுங்கள், நாங்கள் கொடுப்போம். என் படகில் இப்போது அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயின்டில் நாலு சொல் எழுதியிருக்கிறேன்: அணை, பொறு, போடு, அழுத்து. என் மனைவியும் தம்பி மகளும் அதைப் பார்க்காமலே செய்வார்கள். அடுத்து நீங்கள் ஒப்படைக்கப் போகும் படகிலும் அந்த இரண்டாவது ஆள் கரையை விடும் முன்பே அதைச் செய்து பழகியிருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

அன்புடன்,
படகுக்காரன் ஒருவன்