விண்ணப்பித்தவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் நான், எங்கள் வட்டாரத்து இளைஞர்களுக்குச் சுயவிவரம் எழுதவும் இணையத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கவும் உதவி வருகிறேன். லிங்க்டின் போன்ற தளங்கள் வேலை தேடுவோரையும் ஆளெடுப்போரையும் இணைக்கும் முறையில் செய்தாக வேண்டிய சில மாற்றங்களைத் தங்கள் இதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன். ஆளெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களும், இத்தகைய தளங்களை உருவாக்கும் பொறியாளர்களும் தமிழர்களில் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் இது பட வேண்டும் என்பதே என் நோக்கம்.

2025ஆம் ஆண்டின் முதல் காலாண்டில் இந்நாட்டின் வேலையின்மை விகிதம் 32.9 விழுக்காடு, 15 முதல் 34 வயது வரையுள்ளோரிடையே அது 46.1 விழுக்காடு. குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தின்கீழ் நகரின் பல மூலைகளிலிருந்து வெளியேற்றப்பட்ட இந்தியக் குடும்பங்களைக் கொண்டுவந்து வைத்த இடம் சாட்ஸ்வொர்த். இங்கே முந்தைய தலைமுறையில் பலருக்கு வேலை தந்தவை ஆடைத் தொழிற்சாலைகள். இறக்குமதி வரி குறைந்த பிறகு அவற்றில் பல மூடப்பட்டன. ஆகவே அப்பாவுக்கும் சித்திக்கும் தெரிந்த மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி வேலை வாங்கும் பழைய வழி அடைபட்டுவிட்டது. வங்கியிலோ, கணினி நிறுவனத்திலோ, துறைமுகச் சரக்கு அலுவலகத்திலோ தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, அந்த முகத்தைத் தேடித் தரக்கூடியவை இத்தளங்களே.

இதை வெறும் நம்பிக்கையின் பேரில் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவின் பெருநகரங்களில் வேலைக்கான பயிற்சி பெற்றுவந்த இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு லிங்க்டினைப் பயன்படுத்தவும் கற்றுக்கொடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வொன்றின் முடிவுகள் 2022இல் வெளியாயின. கற்றுக்கொண்டவர்களிடையே வேலை பெற்றோர் விகிதம் ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஓராண்டுக்குப் பின்னும் அந்த வேறுபாடு நீடித்தது. இவ்வளவு பயன் தரக்கூடிய ஒன்று சரியாக இயங்காமல் இருப்பதுதான் என் ஆதங்கம்.

விண்ணப்பிப்பதை இத்தளங்கள் மிக எளிதாக்கிவிட்டன. ஒரு பொத்தானை அழுத்தினால் விண்ணப்பம் போய்விடுகிறது. அதன் விளைவாக ஒரே இடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிய, அவற்றை வாசிக்க நேரமில்லாத மேலாளர், முன்பு வேலை செய்த நிறுவனம், படித்த பல்கலைக்கழகம் ஆகியவற்றை வைத்து மென்பொருளைக் கொண்டு வடிகட்டுகிறார். பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக் தேறி, முதல் வேலையைத் தேடும் பிள்ளை அங்கேயே உதிர்ந்துவிடுகிறது. முன்பின் அறியாத மேலாளருக்கு நேரடியாக எழுதவோ பெரும்பாலும் கட்டணச் சந்தா வேண்டும். வேலையில்லாதவரிடமே அந்தக் கட்டணத்தை எதிர்பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இதற்கிடையே, ஆள் எடுத்து முடித்த பிறகும் அகற்றப்படாமல் கிடக்கும் விளம்பரங்களுக்கு விண்ணப்பித்து, காசு கொடுத்து வாங்கிய டேட்டாவையும் இவர்கள் இழக்கிறார்கள்.

கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில் 2026 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ள விதிகளின்படி, 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள் தம் விளம்பரத்தில் ஊதிய வரம்பையும், இடம் உண்மையில் காலியாக உள்ளதா என்பதையும், விண்ணப்பங்களை வடிகட்டச் செயற்கை நுண்ணறிவு பயன்படுகிறதா என்பதையும் தெரிவிக்க வேண்டும். நேர்காணலுக்கு வந்தவருக்கு 45 நாள்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாடும் சட்டம் இயற்றும்வரை தளங்கள் காத்திருக்கத் தேவையில்லை. இவற்றோடு, பொறுப்பாளரின் சரிபார்க்கப்பட்ட பெயரும் கடைசி நாளும் இல்லாத விளம்பரத்தை ஏற்பதில்லை என்று அவையே விதி வகுக்கலாம். விண்ணப்பித்தோரில் எத்தனை பேருக்கு ஒரு நிறுவனம் பதில் தருகிறது என்ற விவரத்தையும் விளம்பரத்தின் அருகிலேயே காட்டலாம்.

பெயரை வெளியிட்டால் மேலாளரின் அஞ்சல் பெட்டி நிரம்பி வழியும் என்பார்கள். அது உண்மையான சிக்கல்தான். அதற்கு அமெரிக்கப் பொருளியல் சங்கம் 2006 முதல் கையாளும் முறையைப் பரிந்துரைக்கிறேன். பேராசிரியர் பணிக்கு முயலும் புதிய ஆய்வாளர்கள் எத்தனை இடங்களுக்கு விண்ணப்பித்தாலும், 'உங்களிடம் எனக்குத் தனி ஆர்வம் உண்டு' என்ற குறிப்பை இரண்டு இடங்களுக்கு மட்டுமே சங்கத்தின் வழியாக அனுப்பலாம். எண்ணிக்கைக்கு எல்லை இருப்பதால் அந்தக் குறிப்புக்கு மதிப்பு இருக்கிறது. வேலை தேடும் ஒவ்வொருவருக்கும் மாதத்துக்கு இத்தகைய சில குறிப்புகளைக் கட்டணமின்றித் தந்து, அவை மேலாளரின் பார்வைக்கு நேரே போகும்படி செய்தால், அவரும் மூழ்கமாட்டார். சந்தா கட்ட முடியாதவரும் ஒதுக்கப்படமாட்டார்.

அனுபவமில்லாதவரின் திறமையைக் காட்டவும் வழி உண்டு. ஜோகன்னஸ்பர்க்கில் வேலை தேடிய இளைஞர்களுக்குத் திறன் தேர்வு நடத்தி, அதன் முடிவை நிறுவனங்களிடம் காட்டக்கூடிய சான்றிதழாக அளித்தபோது, அவர்கள் வேலை பெறும் வாய்ப்பு சுமார் 17 விழுக்காடும், வருமானம் 34 விழுக்காடும் உயர்ந்ததாக ஓர் ஆய்வு காட்டியது. நம்பகமான அமைப்புகள் நடத்தும் இத்தகைய தேர்வுகளின் முடிவைத் தளங்கள் சுயவிவரத்தின் தலைப்பகுதியில், பட்டத்துக்குச் சமமான இடத்தில் காட்ட வேண்டும். இளைஞர்களுக்கு வேலைவாய்ப்புகளைக் காட்டும், டேட்டா செலவின்றித் திறக்கக்கூடிய எஸ்ஏயூத் (SAYouth) தளம் எங்கள் நாட்டில் இருக்கிறது. உலகளாவிய தளங்களும் தொலைபேசி நிறுவனங்களோடு பேசி அவ்வாறு செய்யலாம்.

மோசடியைப் பற்றியும் ஒரு சொல். வேலை தேடுவோரிடம் கட்டணம் வாங்குவதை எங்கள் 2014ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம் தடைசெய்கிறது. ஆயினும் 'பயிற்சிக் கட்டணம்' கேட்கும் போலி விளம்பரங்கள் ஓயவில்லை. விளம்பரம் தருபவரின் பெயரைச் சரிபார்த்தாலே இவற்றில் பெரும்பகுதி நின்றுவிடும்.

தளங்கள் மாறும்வரை, ஆளெடுக்கும் பொறுப்பில் இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இடம் நிரம்பிய அன்றே விளம்பரத்தை அகற்றுங்கள். தேர்வாகாதவர்களுக்குத் தானாகச் செய்தி அனுப்பும் வசதி தளத்தில் இருந்தால், அதை அணைத்து வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.