கணினியோடு டீச்சருக்கு நேரத்தையும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினி வைத்து வாசிக்கக் கற்றுக்கொடுப்பது பற்றிப் பேச்சு வந்தாலே ஆளாளுக்கு ஒரு பக்கம் நின்றுகொள்கிறார்கள். மெஷின் வந்தால் எல்லாப் பிள்ளையும் தானாகப் படித்துவிடும் என்று ஒரு கட்சி. ஆறு வயசுக் குழந்தையைத் திரை முன்னால் உட்கார வைப்பதே பாவம் என்று இன்னொரு கட்சி. நான் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறவள், கணினியோடும் எடுத்திருக்கிறேன், இல்லாமலும் எடுத்திருக்கிறேன். எனக்கு அது வேண்டும். ஆனால் வாங்கிக் கொடுக்கிறவர்கள் கூடவே டீச்சருக்குக் கொஞ்சம் நேரத்தையும் கொடுக்காவிட்டால் போட்ட பணம் வீண் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கிராமத்துப் பள்ளி நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்பு, ஒரு டீச்சர். ஒன்றாம் வகுப்பிலேயே ஒரு பிள்ளை அக்காவின் புத்தகத்தைப் பார்த்து அரைகுறையாகப் படித்துவிட்டு வந்திருக்கும், பக்கத்தில் இருக்கிற பிள்ளை அன்றைக்குத்தான் ஒரு புத்தகத்தையே கையில் பிடித்திருக்கும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஒரே பாடம் நடத்த முடியாது. வாசிப்பில் ஆரம்பக் கட்டம் பெரும்பாலும் பழக்கம்தான். எழுத்தைப் பார்த்த உடனே ஒலி வாயில் வர வேண்டும், யோசித்து வரக் கூடாது, அதற்கு ஒரு பிள்ளைக்குப் பத்துத் தடவை போதும், இன்னொன்றுக்கு நூறு தடவை ஆகும். நூறாவது தடவையும் முகம் சுளிக்காமல் கேட்கிற பொறுமை கணினிக்கு உண்டு. எனக்குச் சில நாள் மத்தியானத்துக்கு மேல் இருப்பதில்லை. நான் மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கு நடத்துகிற நேரத்தில் நான்கு சின்னப் பிள்ளைகள் பின்பக்கம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எழுத்தையும் ஒலியையும் பொருத்திக்கொண்டிருந்தால், வகுப்புக்கு ஒரு டீச்சர் இருக்கிற பெரிய பள்ளியைவிட எனக்குத்தான் அதனால் லாபம் அதிகம்.

இது ஏதோ நேற்று வந்த யோசனை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் அட்கின்சன் 1960களிலேயே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கணினி முன்னால் உட்கார வைத்தவர். ஐ.பி.எம். 1500 என்ற அமைப்பு, திரையைத் தொடுவதற்கு ஒரு ஒளிப்பேனா, காதில் பதிவு செய்த குரல். வாசிப்புப் பாடத்தில் பெரும் பங்கைக் கணினியே நடத்தட்டும் என்றுதான் அவர்கள் ஆரம்பித்தார்கள். செலவு தாங்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் அதே குழு கணினியின் பங்கைத் தினமும் 10, 12 நிமிடமாகக் குறைத்து, எழுத்துக்கூட்டிப் படிக்கிற பயிற்சியை மட்டும் அதனிடம் விட்டுவிட்டு, மீதியை வகுப்பு ஆசிரியரிடமே கொடுத்துவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அவர்கள் வந்து நின்ற இடம் அது. இன்றைக்கும் முழு வாசிப்புப் பாடத்தையும் மெஷினே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி விற்க வருகிறவர்கள் இருக்கிறார்கள், நாமும் கேட்டுக்கொண்டு தலையாட்டுகிறோம்.

இன்னொன்று. அமெரிக்க நாடாளுமன்றம் கேட்டதன் பேரில் அங்கே கல்வித் துறை ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2007இல் முடிவை வெளியிட்டது. வாசிப்பு, கணக்கு மென்பொருள்களைப் பயன்படுத்திய வகுப்புகளையும் பயன்படுத்தாத வகுப்புகளையும் ஒப்பிட்டார்கள். தேர்வு மதிப்பெண்ணில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கணினியை எதிர்க்கிறவர்கள் இதை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தாயா என்பார்கள். ஆனால் அதே அறிக்கையில் அதிகம் பேசப்படாத ஒரு வரி இருக்கிறது: ஒன்றாம் வகுப்பு வாசிப்பில், ஒரு ஆசிரியருக்கு மாணவர் எண்ணிக்கை குறைவாக இருந்த இடங்களில் மென்பொருளின் பலன் கூடுதலாகத் தெரிந்தது. எனக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. ஒரு பிள்ளை திரையில் என்ன செய்கிறது என்று எட்டிப் பார்க்க ஆள் இருந்த வகுப்பில் வேலை நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எட்டிப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். திரையில் நான்கு பெட்டி, நான்கு எழுத்து, காதில் ஒரு ஒலி. கெட்டிக்காரப் பயல் ஒருவன் ஒலியைக் கேட்கவே மாட்டான், முதல் பெட்டியைத் தொடுவான், சிவப்பு வரும், அடுத்தது, அதற்கடுத்தது, பச்சை வந்ததும் நட்சத்திரம் விழும், கைதட்டல் கேட்கும், அடுத்த கேள்வி. பாடம் முடிந்ததும் ரிப்போர்ட்டில் "நிறைவு செய்தார்" என்று வந்துவிடும். மேலே இருந்து அந்த ரிப்போர்ட்டை மட்டும் பார்க்கிறவருக்கு இந்தப் பையன் படித்துவிட்டான். இன்னொரு பிள்ளை படத்தைப் பார்த்தே சொல்லும். பட்டத்தின் படத்துக்குக் கீழே "பட்டம்" என்று எழுதியிருந்தால் எழுத்துப் பக்கம் கண்ணே போகாது. நான் செய்வது இவ்வளவுதான்: கணினியை விட்டு எழுந்து வந்ததும் கரும்பலகையில் படம், பட்டம், பாடம் மூன்றையும் படம் எதுவும் இல்லாமல் எழுதி வாசிக்கச் சொல்வேன். யார் எங்கே நிற்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிடம் எனக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டும். அதைத்தான் நேரம் கொடுங்கள் என்கிறேன்.

மென்பொருளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தமிழ் என்று அட்டையில் போட்டு வருகிற பலவும் ஆங்கிலத்துக்குச் செய்ததை அப்படியே திருப்பிப் போட்டவை. ஒரு எழுத்து, ஒரு ஒலி, ஒரு படம் என்று போகும். தமிழில் அப்படி எங்கே இருக்கிறது? பம்பரம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இரண்டு 'ப'வும் ஒரே ஒலியா? கங்கை, பகல் இரண்டிலும் 'க' என்ன பாடுபடுகிறது? பேசுகிற பிள்ளைக்கு இது தானாக வருகிறது, யாரும் விதி சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் எழுத்தைத் தனியாக ஒரே ஒலியோடு மனப்பாடம் செய்த பிள்ளை சொல்லுக்குள் வரும்போது தடுமாறுகிறது. அதனால் எழுத்தைச் சொல்லோடு சேர்த்துக் காட்டுகிற நிரல்தான் உதவும். அப்புறம் 247 எழுத்தையும் வரிசையாகக் காட்டித் தள்ளுகிற நிரல்கள். கு, சு, டு, மு என்று உகர வரிசையில் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வளையும், அதைத் தனியாக, நிறுத்தி நிதானமாகப் பழக்க வேண்டும். 'கா' வரிசையோ துணைக்காலைப் பிடித்துக்கொண்டால் சரசரவென்று வந்துவிடும். இரண்டுக்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்கியிருப்பதைப் பார்த்தால் செய்தவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை என்று தெரிந்துவிடும்.

'கொ' இன்னும் மோசம். கொம்புக்கும் காலுக்கும் நடுவில் 'க' உட்கார்ந்திருக்கிறது, கண்ணுக்கு முதலில் கொம்பு, வாய்க்கு முதலில் 'க'. கையால் எழுதும்போது இதைப் பிள்ளை கையே பழகிக்கொள்ளும். திரையில் விரலால் தொட்டு மட்டும் பழகினால் கெ, கே, கொ, கோ நான்கும் குழம்பும். ஆகவே ஸ்லேட்டோ நோட்டோ பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். எழுத்துருவையும் பாருங்கள், புள்ளி கண்ணுக்கே தெரியாத அளவில் இருந்தால் 'படம்' என்பது 'படம'தான். 'கௌ' என்ற எழுத்தில் கடைசி உறுப்பை 'ள'வாகவே தட்டச்சு செய்து வைத்திருக்கிற பாடங்களும் உண்டு, பெரியவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, மெனக்கெட்டு எழுத்துக்கூட்டுகிற பிள்ளை 'கெ-ள' என்று படித்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கும்.

பின்லாந்தின் யுவாஸ்கிலா பல்கலைக்கழகத்தில் உருவான கிராஃபோகேம் என்ற, எழுத்தையும் ஒலியையும் பொருத்தி வாசிக்கப் பழக்குகிற கணினி விளையாட்டு இந்த விஷயத்தில் நல்ல உதாரணம். பின்னிய மொழியில் எழுத்துக்கும் ஒலிக்கும் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று பொருத்தம், அதனால் அங்கே வேலை சுலபம். வேறு மொழிக்குக் கொண்டுபோனபோது அந்தந்த மொழியின் எழுத்து முறையைப் பார்த்து மறுபடி அமைக்க வேண்டியிருந்தது. தமிழுக்கும் அப்படித்தான் உட்கார்ந்து செய்ய வேண்டும், அதில் குறுக்கு வழி கிடையாது.

பிள்ளை வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்டுத் திருத்துகிற செயலிகளும் வந்துவிட்டன, கூகுள் 2019இல் போலோ என்று வெளியிட்டு இப்போது ரீட் அலாங் என்று இருப்பது அந்த வகைதான். யோசனை அருமை. வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கலாம். மூன்று வகுப்பு ஒரே அறையில் கத்திக்கொண்டிருக்க, முன்பல் இரண்டும் விழுந்த ஒரு வாய் 'சசி' என்று சொன்னதை அது எதுவாக எடுத்துக்கொள்ளும் என்பது வேறு கதை.

சரி, டீச்சரே இல்லாத இடத்தில்? தான்சானியாவில் தாங்கா பகுதியில் அதைத்தான் சோதித்தார்கள். பிள்ளைகள் தாங்களாகவே படித்துக்கொள்கிற மென்பொருளைச் செய்வதற்கான குளோபல் லேர்னிங் எக்ஸ்பிரைஸ் என்ற போட்டி, 2019இல் முடிவு அறிவித்தார்கள். சுமார் 170 கிராமங்களில் 3,000 பிள்ளைகளுக்கு நெருக்கி டேப்லெட் கொடுத்து 15 மாதம் விட்டார்கள், சார்ஜ் போட ஊருக்கு ஊர் சூரிய மின்சாரம். தொடக்கத்தில் அவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் சுவாஹிலியில் ஒரு சொல்கூட வாசிக்கத் தெரியாதவர்கள்; முடிவில் அந்த எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. பள்ளிக்கூடமே எட்டாத பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம், நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மீதிப் பாதி? 15 மாதம் கையில் வைத்திருந்தும் வாசிக்க வராத பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள், அவர்கள் பக்கத்தில் யாராவது ஒருவர் உட்கார வேண்டும்.

பெருவில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தில் கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். 319 பள்ளிகளை எடுத்துக்கொண்டு செய்த ஆய்வு 2012இல் வந்தது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை. அந்தக் கணினி பாடத்தோடு எங்கே, எப்படிச் சேரும் என்று அங்கே தெளிவாக யோசிக்கப்படவில்லை. தான்சானியாவில் கொடுத்த டேப்லெட்டில் வாசிப்புக்கென்றே செய்த பாடம் இருந்தது. சாமானைக் கொடுப்பதற்கும் பாடத்தைக் கொடுப்பதற்கும் உள்ள தூரம் அது.

ஆகவே முடிவெடுக்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கணினி அறை என்று தனியாக ஒன்று கட்டிப் பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியர் மேசையில் வைக்க வேண்டாம், நாலே நாலு கருவி போதும், வகுப்பறையிலேயே இருக்கட்டும். ஒரு பிள்ளைக்குத் தினம் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இணையம் இல்லாவிட்டாலும் ஓடுகிற நிரலாக இருக்கட்டும், காலையில் பெல் அடித்த பிறகு அப்டேட் கேட்டுக்கொண்டு நிற்கிற கருவியை வைத்துக்கொண்டு ஆறு வயசுப் பிள்ளைகளை எத்தனை நேரம் அடக்கி உட்கார வைக்க முடியும்? ரிப்போர்ட் எனக்கு ஒரே பக்கத்தில் வர வேண்டும்: எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் திரும்பத் திரும்பத் தப்புச் செய்கிறது, அது மட்டும். எத்தனை நிமிடம் உட்கார்ந்தது, எத்தனை நட்சத்திரம் வாங்கியது என்பதெல்லாம் எனக்கு எதற்கு? மாசக் கடைசியில் அதையே இன்னொரு படிவத்தில் ஏற்றி அனுப்பச் சொன்னால் நான் கேட்கிற அந்த ஒரு நிமிடமும் போய்விடும், இது பல டீச்சர்களின் புலம்பல்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு காலை நேரம், கம்பெனிக்காரர் காட்டுகிற டெமோவை விட்டுவிட்டு, ஏதாவது ஒரு கிராமத்து ஒன்றாம் வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகளின் விரல் எங்கே போகிறது, கண் எங்கே போகிறது என்று மட்டும் கவனித்தால் போதும். அப்புறம், ஹெட்போன் கணக்கில் கஞ்சம் பிடிக்காதீர்கள். முதலில் கெட்டுப்போவது அதுதான். வயர் அறுந்த பிறகு இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு ஒரு காதாக வைத்துக்கொண்டு 'ல'வா 'ள'வா என்று கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை