மருந்துக்கடைத் தங்கைக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள சொந்தங்களே, நண்பர்களே,

தம்பிக்குப் பேருந்தில் வலிப்பு வந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நேற்று கல்லூரிக்குப் போய்விட்டு வந்தான். வந்ததும் பசிக்கிறது என்றான். அம்மா அழுதுவிட்டார்.

பேருந்தில் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தவர்கள், கையில் சாவியைத் திணிக்க வந்தவரைத் தடுத்த பெரியவர், 108 ஊழியர்கள், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் டாக்டர்கள், நர்ஸுகள், ராத்தூக்கம் விட்டுக் கூடவே இருந்த அவன் சிநேகிதர்கள், எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

இதில் ஒருவரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வீடு திரும்பிய பிறகு தம்பிக்குச் சளியும் காய்ச்சலும் வந்தது. பக்கத்து கிளினிக்கில் எழுதித் தந்த சீட்டோடு மருந்துக்கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். சீட்டைப் பார்த்த அந்தப் பெண் மாத்திரையை எடுக்கப் போனவள் நின்றாள். "வேற ஏதாவது மாத்திரை தினமும் சாப்பிடுறாங்களாக்கா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். சளிக்கு வந்த இடத்தில் வலிப்பு மாத்திரையைப் பற்றி யாருக்குப் பேசத் தோன்றும்? அவன் சாப்பிடும் வலிப்பு மாத்திரை கார்பமாசெபைன் என்று நான் சொன்னதும் சீட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

சீட்டில் எழுதியிருந்தது கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக். அது கார்பமாசெபைனைக் கல்லீரல் சிதைக்க விடாது, ரத்தத்தில் அளவு ஏறிவிடும், தலை சுற்றும், பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும் என்றாள். "டாக்டர்கிட்ட பேசாம தர மாட்டேன்கா. அதுக்காக வலிப்பு மாத்திரையையும் நிறுத்திடாதீங்க, திடீர்னு விட்டா திரும்ப வந்துடும்." பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் கிளினிக்குக்கு விடாமல் போன் போட்டுப் பேசி, அசித்ரோமைசின் என்ற வேறொரு ஆன்டிபயாட்டிக்காக மாற்றி வாங்கித் தந்தாள். தம்பி சாப்பிடும் மாத்திரையின் பெயரையும் அளவையும் ஒரு அட்டையில் எழுதி, பர்ஸில் வைக்கச் சொன்னாள். வலிப்பு மாத்திரையின் கம்பெனி மாறினால் டாக்டரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. எத்தனை கவுண்டரில் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது? இனி யாரும் கேட்கும் வரை நான் காத்திருக்கப்போவதில்லை. பல் டாக்டரிடம் போனாலும் அந்த அட்டையை முதலில் நீட்டுவேன். வலிப்பு என்ற சொல்லை ஒளித்துப் பேசுவதும் எங்கள் வீட்டில் இதோடு முடிந்தது.

தங்கச்சி, உன் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். நேரில் வந்து நன்றி சொல்ல வேண்டும் என்கிறான் தம்பி. பரீட்சை முடிந்ததும் கூட்டி வருகிறேன்.

உன் அக்கா