கொக்கியை முதல் பக்கத்தில் வை

ஸ்ரீராமபுரம்,
பெங்களூரு.

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய பயோடேட்டாவை நேற்று இரவு நிதானமாகப் படித்தேன். எழுத்துப் பிழை இல்லை. மதிப்பெண் குறைவில்லை. புனே பக்கம் சாக்கனில் பார்த்துவரும் வேலையையும் ஒழுங்காக எழுதியிருக்கிறாய். ஆனாலும் டிசைன் வேலைக்கு விண்ணப்பித்த இடங்களில் பலர் பதில்கூடப் போடவில்லை என்று போனில் சொன்னபோது உன் குரல் இறங்கிப் போயிருந்தது. பெரிய கல்லூரியில் படிக்காததுதான் காரணம் என்று முடிவே கட்டிவிட்டாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இரண்டு பக்கத்திலும் உனக்கு என்னென்ன தெரியும் என்று சொல்லியிருக்கிறாய். தெரிந்ததை எங்கேயும் காட்டவில்லை. காட்டுவதற்கென்று, செய்த வேலைகளின் தொகுப்பாக ஒரு போர்ட்ஃபோலியோ தயார் செய். எப்படிச் செய்யலாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடுகிறது.

பீன்யாவில் எங்கள் பட்டறைக்குப் பிட்டர் வேலை கேட்டு வருகிறவர்களில் திருப்பத்தூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர். முதலாளி கன்னடத்தில் கேட்பார், நான் தமிழில் கேட்பேன். ஐ.டி.ஐ. சான்றிதழைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அதன் பிறகு இரண்டு இரும்புப் பட்டைத் துண்டுகளையும் அரத்தையும் கொடுத்து, ஆண்-பெண் பொருத்தம் ஒன்று செய்யச் சொல்வோம். ஒரு துண்டில் சதுரமாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், மற்றதில் அதற்கு ஏற்ற பள்ளம். முடித்ததும் இரண்டையும் சேர்த்து ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடிப்பேன். இடுக்கில் எவ்வளவு வெளிச்சம் கசிகிறது, எல்லாப் பக்கமும் ஒரே அளவாகக் கசிகிறதா, துண்டைத் திருப்பிப் போட்டாலும் பொருந்துகிறதா என்று பார்ப்பேன். பையன் வாயைத் திறக்கவே வேண்டாம், அவன் கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். டிசைன் வேலைக்கு அப்படி எடுத்த எடுப்பில் ஒரு டெஸ்ட் வைப்பதில்லை. உன்னைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் உன்னைப் பார்த்ததே கிடையாது. அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க உன்னிடமிருந்து ஒரு ஜாப் போக வேண்டும்.

மூன்று வேலைகள் போதும். பன்னிரண்டு வேலைகளை அடுக்கினால் பார்க்கிறவர் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு எதையும் பார்க்காமல் போய்விடுவார்.

முதல் பக்கத்தில் பாட்டியின் வாக்கருக்குச் செய்த கொக்கியை வை. நீ சிரிப்பாய் என்று தெரியும். அது விளையாட்டாகச் செய்தது, கம்பெனிக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்பாய். நான் நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்பேன். பாட்டிக்குத் தண்ணீர் பாட்டில் பையை மாட்ட ஓர் இடம் வேண்டும். வாக்கர் குழாயின் விட்டம் 25 மில்லிமீட்டர். குழாயில் துளை போடக் கூடாது. கைவலி உள்ளவர் திருகாணி எதுவும் முடுக்காமல் மாட்டிக் கழற்ற வேண்டும். இவ்வளவும் நீயே போனில் எனக்குச் சொன்னவை. முதலில் செய்த கொக்கியை நிற்கவைத்து 3டி பிரின்ட் செய்தாய். வளையமும் கொக்கியும் சேரும் இடத்தில், அடுக்குக்கு அடுக்கு பிரிந்து உடைந்தது. அடுத்ததைப் படுக்கவைத்து பிரின்ட் செய்தாய். இழுவிசை அடுக்குகளின் நீளவாக்கில் போனது. சேரும் மூலையில் 4 மில்லிமீட்டர் வளைவு கொடுத்தாய். அதுவும் பால்கனி வெயிலில் நின்று பிடி தளர்ந்தது. பி.எல்.ஏ. பிளாஸ்டிக் ஏறக்குறைய 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும் என்று தேடிப் படித்துவிட்டு, ஏறக்குறைய 80 டிகிரியில்தான் இளகத் தொடங்கும் பி.இ.டி.ஜி.க்கு மாறினாய். ஒரு கிலோ பைக்காகச் செய்த கொக்கியில் மூன்று கிலோ தொங்கவிட்டு ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தாய்.

இவ்வளவும் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். உடைந்த கொக்கியின் படத்தையும் போடு. உடைந்த பரப்பு தெளிவாகத் தெரியும்படி, பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து எடு. இப்போது யார் தொகுப்பைத் திறந்தாலும் கருப்புப் பின்னணியில் பளபளக்கும் கம்ப்யூட்டர் படங்கள்தான். அழகாக இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவற்றிலிருந்து அந்தப் பொருள் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடிவதில்லை. ஒரு பொருள் உடைந்தபோது வரைந்தவர் என்ன செய்தார் என்பதுதான் வேலை கொடுக்கிறவருக்குத் தெரிய வேண்டியது. நாளைக்கு அவருடைய பொருளும் எங்கேயாவது உடையத்தான் போகிறது.

எப்படி எழுதுவது என்று திகைக்காதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடக்வாஸ்லா அணைக்குப் போய்வா, உனக்குப் பக்கம்தான். பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா உன் புனேயில் படித்தவர். மைசூர் திவான் ஆவதற்கு முன், பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த காலத்தில், தானே வடிவமைத்த தானியங்கி வெள்ளக் கதவுகளை 1903-இல் அங்கேதான் முதன்முதலில் பொருத்தினார். அணையின் சுவரை உயர்த்தாமல், அணைக்கும் ஆபத்து வராமல், கூடுதல் தண்ணீரைத் தேக்க வேண்டும். அதுதான் சிக்கல். குறிப்பிட்ட மட்டம் வரை கதவு மூடி நிற்கும். வெள்ளம் அதைத் தாண்டினால் தானாகத் திறக்கும். மட்டம் இறங்கினால் தானாக மூடிக்கொள்ளும். பிறகு கிருஷ்ணராஜ சாகரிலும் அதே முறையைக் கையாண்டார்கள். பார், நான்கைந்து வரியில் ஒரு பெரிய வேலையைச் சொல்லியாகிவிட்டது. என்ன தேவை, எது கூடாது, என்ன செய்தார், என்ன நடந்தது. உன் கொக்கிக்கும் அந்த வரிசை போதும். 'புதுமையான', 'சிறப்பான' போன்ற சொற்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் அளவையோ எடையையோ எழுது.

இரண்டாவதாக, ஒரே ஒரு முழுமையான புரொடக்‌ஷன் டிராயிங் வை. என் கண் முதலில் போவது டாலரன்ஸ் மேல்தான், ஓர் அளவு எவ்வளவு கூடலாம் குறையலாம் என்ற வரம்பின் மேல், உனக்கே தெரியும். 20 மில்லிமீட்டர் துளைக்கு எச்7, அதில் ஓடும் ஷாஃப்டுக்கு ஜி6 என்று டாலரன்ஸ் குறியீடு போட்டால், துளை 20.000 முதல் 20.021 வரை இருக்கலாம், ஷாஃப்ட் 19.980 முதல் 19.993 வரை. இடைவெளி குறைந்தது 7 மைக்ரான், அதாவது 0.007 மில்லிமீட்டர், அதிகம் போனால் 41 மைக்ரான். வழுக்கி ஓடவும் வேண்டும், ஆடவும் கூடாது என்பதற்காகத் தேர்ந்தெடுத்தது. பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பாக அந்தக் காரணத்தை எழுதிவிடு. புதிதாக வருகிற பிள்ளைகள் பயத்தில் எல்லா அளவுக்கும் கூட்டல் கழித்தல் 0.01 போட்டுவிடுகிறார்கள். கவர் தகட்டின் வெளி விளிம்புக்கு 0.01 எதற்கு? அதைப் படித்ததும் நான் கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டும். எதனுடனும் பொருந்தாத ஒரு விளிம்புக்காகக் காசும் நேரமும் போகும். எங்கே இறுக்க வேண்டும், எங்கே விட்டுவிடலாம் என்று தெரிந்து வரைந்த டிராயிங் நூற்றில் ஒன்றாகத் தனியே தெரியும். பொருளின் தோற்றங்களை எந்த வரிசையில் வரைந்திருக்கிறாய் என்று காட்டும் முதல் கோண முறைக்கான குறியீடு, மெட்டீரியல், மேற்பரப்பு முடிப்பு, பொது டாலரன்ஸ் எல்லாம் அதனதன் கட்டத்தில் இருக்கட்டும். இதில் சோம்பல் படாதே. டிராயிங் ஒழுங்காக இருந்தால் மற்ற பக்கங்களில் சிறு குறை இருந்தாலும் நான் பொறுத்துக்கொள்வேன்.

மூன்றாவது, கல்லூரியில் செய்த வேர்க்கடலை உடைக்கும் இயந்திரம். அது நால்வர் செய்தது. பேராசிரியர் சொல்லிக்கொடுத்தது எவ்வளவு, நண்பர்கள் செய்தது எவ்வளவு, உன்னுடையது எது என்று பிரித்து எழுது. சல்லடைக்கும் உருளைக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும்படி அமைத்தது நீ. கடலை நசுங்காமல் தோல் மட்டும் உடைய அந்த இடைவெளியை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று உன்னால் அரை மணி நேரம் பேச முடியும். அதை மட்டும் எழுது. மோட்டார் கணக்கு உன் தோழி போட்டது என்றால் அவள் போட்டதாகவே எழுது. முழு இயந்திரத்தையும் தன்னுடையது என்று காட்டுகிறவரிடம் இரண்டாவது கேள்வியிலேயே மோட்டாரைப் பற்றிக் கேட்பார்கள்.

கம்பெனியில் நீ வரைந்தவற்றைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். பற்றவைக்கும்போது பாகங்களை இடம் மாறாமல் பிடித்துவைக்கும் அந்த வெல்டிங் பிக்ஸ்சர் உன் கைவண்ணம்தான், எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த ஃபைல் உன்னுடையது கிடையாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக நீ உருவாக்கியதற்கு முதல் உரிமையாளர் உன்னை வேலைக்கு வைத்தவர்தான். சேரும்போது ரகசியக் காப்பு ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். பெயரை அழித்துவிட்டு டிராயிங்கைப் போட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தத் தொழிலில் இருக்கிறவருக்கு பாகத்தைப் பார்த்ததுமே எந்த வண்டியுடையது என்று தெரிந்துவிடும். ஓரிடத்து ரகசியத்தைக் கொண்டுவந்து காட்டுகிறவரை நான் வேலைக்கு எடுக்கமாட்டேன், நாளைக்கு எங்கள் டிராயிங்கும் வெளியே போகும். உன் மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி கேள். கிடைக்காவிட்டால், என்ன வகை வேலை, உன் பொறுப்பு எவ்வளவு என்று படம் இல்லாமல் இரண்டு வரியில் எழுது. பிக்ஸ்சர் வரையத் தெரியும் என்று காட்ட வேண்டுமானால், வீட்டுக் கதவுக் கீலுக்கோ சைக்கிள் பிராக்கெட்டுக்கோ புதிதாக ஒன்றை உன் சொந்தக் கம்ப்யூட்டரில் வரை. ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருள் இலவசம்தான், 2024-இல் அதன் 1.0 பதிப்பும் வந்துவிட்டது. இணையத்திலேயே வரையும் ஆன்ஷேப்பின் இலவசத் திட்டத்தில் வரைவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அது நினைவிருக்கட்டும்.

படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனி. டிரில்லிங் மெஷின் முன்னால் நீ துப்பட்டா தொங்க நிற்கும் படம் அழகாக வந்திருக்கிறது, அம்மா அதைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். தொகுப்பில் அது வேண்டாம். சுழலும் மெஷின் பக்கத்தில் தொங்கும் துணியைப் பார்த்த உடனே பட்டறைக்காரனுக்கு வயிற்றைக் கலக்கும். கண்ணாடி போட்டு, முடியை முடிந்து, வெர்னியரால் அளந்துகொண்டிருக்கிறாயே, அந்தப் படத்தைப் போடு. பெண்பிள்ளை ஷாப் ஃப்ளோருக்கு வருவாளா என்று வாய்விட்டுக் கேட்காமல் மனதுக்குள் கேட்டுக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் படம் அவர்களுக்குப் பதில் சொல்லட்டும்.

மற்றதெல்லாம் சில்லறை விஷயம். பத்துப் பக்கத்துக்குள் ஒரு பி.டி.எஃப்., போனில் திறந்தாலும் படிக்கும்படி எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஃபைலுக்கு உன் பெயரை வை. அதையே லிங்க்ட்இன்னிலும் இணைத்துவிடு. வீட்டு முகவரி, பிறந்த தேதி, ஆதார் எண் எதுவும் அதில் வேண்டாம். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் என்று உனக்கு நீயே மதிப்பெண் போட்டுக்கொள்ளாதே. நேரில் கூப்பிட்டால் டிராயிங்கை ஏ3 தாளில் எடுத்துக்கொண்டு போ. இரண்டு கொக்கிகளையும், உடைந்ததையும் நல்லதையும், பையில் போட்டுக்கொள். மேசைமேல் வைத்தால் எதிரே இருப்பவர் கை தானாக அதை எடுக்கும்.

அடுத்த மாதம் உத்யான் எக்ஸ்பிரஸில் வருவதாகச் சொன்னாய். அதுவரை காத்திருக்காதே, டிராயிங்கை மட்டும் இந்த வாரமே அனுப்பு. உன் பெயரைச் சொல்லாமல் எங்கள் டர்னரிடம் கொடுத்து, யாரிடமும் எதுவும் கேட்காமல் இதைச் செய்துதர முடியுமா என்று கேட்கப்போகிறேன். அவர் எங்கெங்கே நிறுத்திச் சந்தேகம் கேட்கிறாரோ அங்கெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டு உனக்குத் திருப்பி அனுப்புகிறேன். திருத்தி மறுபடியும் அனுப்பு. அவர் கேள்வி கேட்காமல் லேத்தைப் போடுகிற அன்று, நீ விண்ணப்பித்த இடங்களுக்கெல்லாம் தொகுப்பையும் சேர்த்து மறுபடி எழுதலாம்.

அன்புடன்,
அப்பா