பெர்னதெத்துக்கும் இளைப்பு இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பில் பிரான்ஸில் லூர்து என்ற ஊரில் மாதா (லூர்து அன்னை) காட்சி கொடுத்ததைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் நடக்க முடியாதவர் நடந்தார், கட்டி கரைந்தது என்று அற்புதங்களாகவே அடுக்கிவிட்டு, காட்சி கண்ட பெர்னதெத் என்ற அந்தப் பெண் கடைசியில் என்ன ஆனாள் என்பதை விட்டுவிட்டார்கள். எனக்கு அதுதான் முக்கியம், 40 வருஷமாக வீசிங்கோடு வாழ்கிறவள் நான்.

எங்கள் வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறது. மாதா உருவத்திலேயே செய்தது, தலையில் இருக்கும் நீலக் கிரீடம்தான் மூடி. லூர்து போய் வந்த ஒரு சிஸ்டர் அம்மாவுக்குக் கொடுத்த தண்ணீர். எனக்கு இளைப்பு வந்தால் அம்மா கிரீடத்தைத் திருகி, ஒரு மூடித் தண்ணீர் ஊற்றி நெஞ்சில் தடவி, மிச்சத்தைக் குடிக்க வைப்பார், அப்புறம் கையோடு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போவார். இரண்டையும் சேர்த்தே செய்வதில் அவருக்கு ஒரு குழப்பமும் இருந்ததில்லை. (தண்ணீர் குறையக் குறைய குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பியும் வைத்தார். இன்றைக்கு அதில் லூர்து எவ்வளவு, காவிரி எவ்வளவு என்பது மாதாவுக்குத்தான் வெளிச்சம்.) செப்டம்பர் 8-ஆம் தேதி சிவாஜிநகர் மாதா கோவில் திருவிழாவுக்குச் சேலை காணிக்கை தவறாது. மெழுகுவர்த்திப் புகை எனக்கு ஆகாதென்று, காற்று வருகிற இடமாகப் பார்த்து என்னை வாசலோரம் நிறுத்திவிட்டு, அவர் மட்டும் கூட்டத்துக்குள் போய் வருவார்.

அம்மா போன பிறகுதான் வந்தது வினை. ஒரு ஜெபக்கூட்டத்தில், எங்கே, யார் என்பதெல்லாம் வேண்டாம், என் கையில் இருந்த இன்ஹேலரைப் பார்த்து "மாதாவை நம்புறவளுக்கு இது எதுக்கும்மா?" என்று கேட்டார்கள். ரோஷம் வந்து நிறுத்தினேன். மூன்று நாள் தாங்கியது, நான்காம் நாள் ராத்திரி ஆக்சிஜன் வைத்துப் படுத்துக் கிடந்தேன். பார்க்க வந்தவர்கள் என் விசுவாசம் பத்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தக் கோபத்தில்தான் பெர்னதெத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். 14 வயது, மாவு மில்லை இழந்த அப்பா, குடும்பமே ஒரு பழைய சிறை அறையில் குடியிருந்தது, இவளுக்கோ ஆஸ்துமா. 1858 பிப்ரவரி 11 அன்று தங்கையோடும் தோழியோடும் விறகு பொறுக்கப் போகிறாள். அவர்கள் இருவரும் ஓடையைக் கடந்துவிட்டார்கள், குளிர்ந்த தண்ணீரில் கால் வைத்தால் இளைப்பு வந்துவிடுமே என்று இவள் மட்டும் தயங்கி நின்று, காலுறையைக் கழற்றும்போதுதான் எதிரே மசபியேல் என்ற குகையில் மாதா தெரிகிறார். இதைப் படித்துவிட்டு வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன், ஆஸ்துமா இல்லாவிட்டால் அவளும் ஓடிப் போய் விறகு பொறுக்கியிருப்பாள் அல்லவா?

ஜூலை 16 வரை 18 முறை காட்சி. பிப்ரவரி 25 அன்று சேற்றைக் கையால் தோண்டிக் குடித்தாள், பைத்தியம் என்றார்கள், அங்கிருந்துதான் ஊற்று வந்தது. அந்த ஊரில் குணமானதாக 7,000 பேருக்கு மேல் சொல்லியிருக்கிறார்கள், திருச்சபை அற்புதம் என்று ஏற்றுக்கொண்டது எழுபது சொச்சம்தான். 1883-இலிருந்து அங்கே மருத்துவ அலுவலகம் நடக்கிறது. நோய் உண்மைதானா, மருந்தால் குணமானதா, திரும்ப வந்ததா என்று வருஷக்கணக்கில் தோண்டித் துருவுவார்கள். பெர்னதெத் மோரியோ என்ற பிரெஞ்சு கன்னியாஸ்திரி 2008-இல் குணமானார், ஆயர் அதை அற்புதம் என்று அறிவித்தது 2018-இல். திருச்சபை பத்து வருஷம் யோசிப்பதை நம் ஆட்கள் பத்து நிமிஷத்தில் மைக் பிடித்துச் சொல்லிவிடுகிறார்கள்.

வேளாங்கண்ணியில் மோர் விற்ற கால் நடக்காத பையன் எழுந்து ஓடிய கதையைக் கேட்டு வளர்ந்தவள்தான் நானும். அற்புதத்தை மறுக்க இதை எழுதவில்லை. லூர்து அன்னையை நேரில் கண்ட பெர்னதெத் 1866-இல் நெவேர் என்ற ஊரில் கன்னியர் மடத்தில் சேர்ந்தாள், பிறகு லூர்துக்குத் திரும்பவே இல்லை. ஆஸ்துமாவோடு முழங்கால் எலும்பில் காசநோயும் சேர்ந்து, 1879-இல் 35 வயதில் இறந்தாள். 1933-இல் புனிதர் பட்டம் கொடுத்தபோது அவளுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த பிப்ரவரியில் மறுபடியும் லூர்து அன்னையைப் பற்றிப் போடுவீர்கள், அப்போது இந்த விஷயத்தையும் நாலு வரி சேர்த்துப் போடுங்கள். பாட்டிலுக்குப் பக்கத்திலேயே இன்ஹேலரும் வைத்திருக்கிற வீடு எங்கள் தெருவில் என்னுடையது மட்டுமல்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
லிங்கராஜபுரம், பெங்களூரு