குற்றாலத்துக்கு எஃப்/16 வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பிதழில் குற்றாலச் சீசனுக்குப் படமெடுக்கப் போகிறவர்களுக்கான யோசனைகள் வந்திருந்தன. எடை குறைந்த மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத) கேமரா போதும் என்றது சரி. அடுத்த வரியிலேயே 'அபர்ச்சரை எஃப்/16, எஃப்/22 என்று வையுங்கள்' என்றதுதான் இடிக்கிறது. அபர்ச்சர் என்பது லென்ஸில் ஒளி நுழையும் துளை; எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். முதல் யோசனையைக் கேட்டவர் இரண்டாவதைக் கேட்கக் கூடாது.

எஃப்/16 என்பது 35 மி.மீ. ஃபிலிம் காலத்துப் பழக்கம். 1932-இல் அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் முதலானோர் 'எஃப்/64' என்ற பெயரிலேயே குழு சேர்ந்து சான் பிரான்சிஸ்கோவில் கண்காட்சி வைத்தார்கள். 8-க்கு 10 அங்குல ஃபிலிம் போடும் பெட்டிக்கு அது பொருந்தும். எடை குறைந்த மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் ஃபிலிமுக்குப் பதில் ஒளியை வாங்கும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரோ 17.3-க்கு 13 மி.மீ.; ஏறக்குறைய கட்டைவிரல் நகத்தளவு.

பள்ளியில் விளிம்பு விளைவு என்று படித்தோமே, அதுதான் இங்கே வில்லன். துளை சிறுத்தால் ஒளி பரவும். ஒரு புள்ளி சென்சாரில் புள்ளியாக விழாமல் வட்டாக விழும். பச்சை ஒளிக்கு அந்த வட்டின் குறுக்களவு எஃப்/5.6-இல் 7.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒன்று), எஃப்/8-இல் 11, எஃப்/16-இல் 21. இருபது மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 3.3 மைக்ரான்தான். ஆக எஃப்/16-இல் ஒவ்வொரு புள்ளியும் ஆறு பிக்சலுக்கு ஊறிவிடும். பாறைப் பாசி பச்சைக் குழம்பாகத் தெரிவது இதனால்தான். லென்ஸ் மேல் பழி போட வேண்டாம். கணினியில் ஷார்ப்னெஸைக் கூட்டினால் ஓரங்கள் கோடு கட்டும், போன நுணுக்கம் முழுசாகத் திரும்பாது.

அப்படியானால் முன்னால் இருக்கும் பாறையும் பின்னால் இருக்கும் மலையும் சேர்ந்து தெளிவாக விழுமா? விழும். 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் எஃப்/16-இல் தரும் தெளிவின் ஆழத்தை, இந்தச் சிறு சென்சாரில் அதே காட்சியைத் தரும் 12 மி.மீ. லென்ஸ் எஃப்/8-லேயே தந்துவிடும். 12 மி.மீ., எஃப்/5.6 என்று வைத்து 1.7 மீட்டரில், அதாவது ஓர் ஆள் உயரத் தொலைவில், ஃபோகஸ் செய்தால் சுமார் 86 செ.மீ.யிலிருந்து தொடுவானம் வரை தேறும். பானசோனிக் 12–32 போன்ற 70 கிராம் லென்ஸில் ஃபோகஸ் வளையமே கிடையாது. அந்தத் தொலைவில் உள்ள கல் ஒன்றின் மேல் ஃபோகஸ் கட்டத்தை வைத்தால் போதும். மலைதான் முக்கியம் என்றால் மலையிலேயே ஃபோகஸ் செய்யலாம். அரை மீட்டரில் இருக்கும் இலையும் வேண்டுமா? ட்ரைபாடில் வைத்து இரண்டு படம் எடுத்து இணைப்பதே மேல்.

தண்ணீர் பஞ்சுபோல விழவும் எஃப்/22 தேவையில்லை, அது பில்டரின் வேலை. மேகமூட்டமான காலையில், மரநிழலில், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 200, எஃப்/5.6 வைத்தால் ஷட்டர் 1/60 நொடி வருகிறது என்று கொள்வோம். எஃப்/22-க்குப் போனால் 1/4 நொடி. எஃப்/5.6-லேயே இருந்து, பிரதிபலிப்பை அடக்கும் போலரைசர் பில்டர் போட்டால் சுமார் 1/15. அதோடு ஒளியை எட்டில் ஒன்றாகக் குறைக்கும் என்டி8 பில்டரும் சேர்ந்தால் அரை நொடி. போலரைசரைத் திருப்பத் திருப்ப ஈரப்பாறையின் வெள்ளை மினுமினுப்பு அடங்கி, அடியில் உள்ள செம்மையும் பாசிப் பச்சையும் எழுந்து வரும். இந்த ஒன்றைக் கணினியில் செய்யவே முடியாது. இரண்டு நொடிக்கு மேல் போனால் அருவி பால் கொட்டியது மாதிரி ஆகிவிடும், எனக்குப் பிடிப்பதில்லை. பில்டரை 52 மி.மீ.யில் வாங்கி, 12–32 லென்ஸின் 37 மி.மீ. வாயில் அதைப் பொருத்த 37-லிருந்து 52-க்கு ஸ்டெப்-அப் வளையம் போட்டால் மூலை கறுக்காது.

சாரலிலும் இதே கதைதான். லென்ஸ் கண்ணாடியில் விழுந்த துளி எஃப்/5.6-இல் லேசான மங்கலாகப் போய்விடும், எஃப்/16-இல் அப்பட்டமாகத் தெரியும். சென்சார் தூசியும் அப்படியே. லென்ஸைக் கழற்றினால் பல மிரர்லெஸ் கேமராக்களில் சென்சார் திறந்தே கிடக்கும், அருவிக்கரையில் மாற்றாதீர்கள்.

எஃப்/22-க்கும் உருப்படியான ஒரு வேலை உண்டு. வீட்டில் அதை வைத்து, வெறும் வானத்தை ஃபோகஸ் கலைத்து எடுத்துப் பாருங்கள். தூசி கறுப்புப் புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். படத்தில் மேலே இடப்பக்கம் தெரிந்தால், கேமராவை முன்னாலிருந்து பார்க்கும்போது அது சென்சாரின் கீழ் இடப்பக்கம் இருக்கும். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் ஊதியால் ஊதவும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

இப்படிக்கு,
வாசகர், தென்காசி